தெருக்குழாய்வரை அறுபத்து நான்கு

ஜனவரி 6

மொச்சை, இன்றைக்கு அவள் வந்தாள்.

உன் நோட்டில்தான் எழுதுகிறேன். தப்படி குறிக்க நீ வாங்கிக் கொடுத்த நோட்டு. முன்பாதியில் இருபத்தாறு உப்பளத்தின் கணக்கு என் கோணல் எழுத்தில் இருக்கிறது. பின்பாதி சும்மா கிடக்கிறது. நீ போய் ஐம்பத்தாறு நாள் ஆகிறது. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் இவ்வளவு எழுதியதில்லை. பேச ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

நாலு மணிக்கு ஜெனோவா வந்தாள், உன்னோடு ஆராய்ச்சி செய்தாளே, அவள்தான். வாசலில் நின்று "அம்மா" என்றாள். எனக்கு இருந்தது ஒரே பிள்ளை. அதை அவளிடம் சொல்லவில்லை.

"கனியோட லேப்டாப்பக் கொஞ்சம் பாக்கணும்மா. அவ பாதியில விட்டத முடிக்கணும்னு கைடு சார் சொல்லுதாரு."

ஊருக்கு நீ கனி, எனக்குத்தான் மொச்சை. உன் மஞ்சள் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அவள் நேராகப் போய் நீ உட்காரும் இடத்தில், சுவரில் சாய்ந்து, ஒரு காலை மடித்து உட்கார்ந்தாள். திறப்பதற்கான வார்த்தையை என்னிடம் கேட்பாள், எனக்குத் தெரியாதே என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்கவே இல்லை. படபடவென்று தட்டினாள், திறந்துகொண்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவளே சொன்னாம்மா. என்னோடது அவளுக்குத் தெரியும், அவளோடது எனக்கு."

"என்ன வார்த்தை அது?"

"அது சும்மா... நாங்க ரெண்டு பேரும் ஒருநாள் ரொம்பச் சிரிச்ச ஒரு வார்த்தம்மா."

அதற்குமேல் கேட்கவில்லை. பொறாமை என்று நினைக்காதே. என் பிள்ளை எதற்குச் சிரித்தாள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை இருக்காதா?

ஜனவரி 7

இன்றும் வந்தாள். நான் டீ போடவில்லை.

ஜனவரி 11

இன்று டீ போட்டேன். மூன்று நாளாக வெறும் வயிற்றோடு போகிறாள். ஊர் என்னைத்தான் சொல்லும்.

நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்பதை அவள் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. என் பங்கு எனக்குத் தெரியும். அளத்தில் வேலை செய்யும் நூற்று எண்பது பொம்பளைகளிடம், காலை ஆறிலிருந்து மத்தியானம் ஒன்றுவரை எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தீர்கள் என்று நீ கேட்டாய். பாத்தியிலிருந்து அவர்கள் ஒதுங்கப் போகிற உடைமர மறைவு எவ்வளவு தூரம் என்று நான் அளந்தேன். கக்கூஸ் ஏது அங்கே? டேப்போடு படித்த பிள்ளை வந்து நின்றால் கங்காணி துரத்திவிடுவான். ஒதுங்கப் போகிற பொம்பளையை எவன் நிறுத்துவான்? வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் எண்ணிக்கொண்டே நடந்தேன்.

போன பிப்ரவரியில் நம் வாசலிலிருந்து தெருக்குழாய்வரை பத்துத் தடவை நடக்கவிட்டாய். பத்துத் தடவையும் அறுபத்து நான்கு. "நீதான்ம்மா என் டேப்பு" என்று கன்னத்தைக் கிள்ளினாய். சுயம்புகனி மதினி பார்த்துவிட்டு, "ஆத்தாளும் மவளும் குழாயடியில அணிவகுப்பா நடத்துதீக?" என்றாள்.

இதெல்லாம் ஜெனோவாவுக்குத் தெரியாது. தூரமும் தண்ணீரும் கம்ப்யூட்டருக்குள் போனபின் என்ன ஆனது என்பது எனக்குத் தெரியாது. ஆளுக்குப் பாதியாக உன்னை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"இது கனி கடைசியா சாஃப்ட்வேர்ல எடுத்த முடிவும்மா. மறைவு நூறு தப்படி தள்ளிப் போனா, ஒருத்தி குடிக்கிற தண்ணி எவ்வளவு குறையுதுன்னு இந்த நம்பர் சொல்லுது. புள்ளி ரெண்டு நாலு டம்ளர்."

"சரி. அது நம்ம பொம்பளைகளுக்குத் தெரிஞ்சதுதான். தூரமா போவணும்னா தொண்டையக் காயப்போட்டுக்கிடுவாளுக."

"உங்களுக்குத் தெரியும். படிக்கிறவங்க நம்பணும்லா? அதுக்குத்தான் அடைப்புக்குறிக்குள்ள இன்னொரு நம்பர். முதல் நம்பர் எவ்வளவு ஆடும்னு இது சொல்லுது. புள்ளி ஒண்ணு நாலு. முதல் நம்பர இதால வகுக்கணும். ரெண்டத் தொட்டா நம்புவாங்க, பக்கத்துல ஒரு ஸ்டார் போடலாம். தொடலன்னா, தற்செயலா வந்திருக்கும்னு தள்ளிருவாங்க."

பென்சிலை எடுத்து நானே வகுத்தேன். இரண்டிலும் புள்ளியைத் தூக்கிவிடலாம் என்றாள். இருபத்து நாலில் பதினாலு ஒரு தடவை. மீதி பத்து. புள்ளி வைத்து, ஏழு தடவை. பிறகு ஒன்று. ஒன்று புள்ளி ஏழு ஒன்று.

"சாஃப்ட்வேரும் அதத்தான் சொல்லுது" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "கனிக்கு இதுதாம்மா பெரிய வருத்தம். நாலு நாள் சரியா சாப்பிடல. எங்கிட்டச் சொல்லிச் சொல்லி அழுதா."

என்னிடம் நீ அழவில்லையே. நான் கேட்டபோதெல்லாம் தலைவலி என்றாய்.

மார்ச் பதினைந்துக்குள் கட்டுரையை அனுப்ப வேண்டுமாம். நம்பர் இரண்டைத் தொட்டால் தண்ணீர்ப் பகுதி அதில் இருக்கும், உன் பெயர் முதலில் வரும். தொடாவிட்டால் அதை எடுத்துவிட்டு, வெயிலைப் பற்றி ஜெனோவா எழுதியது மட்டும் போகும். அவள் பெயரில்.

அதைச் சொல்லும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குனியாமல் என்ன செய்வாள்?

ஜனவரி 19

பாத்தி மிதிக்கும் வேலை தொடங்கிவிட்டது. மழைத் தண்ணீர் வடிந்த தரையை இறுகும்வரை மிதிக்கிறோம். எட்டு பொம்பளைகள், ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு. என் பக்கத்தில் சுயம்புகனி.

"மதினி, வீட்டுக்குப் புது மவ வந்திருக்காளாமே? கடற்கரைப் பிள்ள. மீனெல்லாம் கொண்டாருதாளாம்."

"மவளுமில்ல மண்ணாங்கட்டியுமில்ல. கம்ப்யூட்டர் பாக்க வாரா."

"அப்பம் ஏன் மூஞ்சி இப்படிச் சிவக்கு? வெயிலு இன்னும் ஏறலயே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததுபோல் பல்லைக் காட்டினேன். ஒருமணிவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. இன்றைய அளத்தில் மறைவு ரொம்பத் தூரம்.

ஜனவரி 24

ஜெனோவா ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

"முதல் பதினஞ்சு அளத்த மட்டும் தனியா ஓட்டினேம்மா. ரெண்டரை வருது. கடைசிப் பதினோரு அளம் சேந்தா இறங்கிருது. ஜூலைக்கு அப்புறம் எடுத்ததுல ஏதோ கோளாறு. அப்பவும் நடந்தது நீங்கதானா?"

"நாந்தான். வேற யாரு?"

"ஒரே மாதிரிதான நடந்தீங்க?"

அடுப்பில் பால் இருந்தது. பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்து, "அந்தப் பதினொண்ணையும் தூக்கிப் போட்டுட்டா என்ன?" என்றேன்.

"அது கள்ளத்தனம்மா. நமக்குப் பிடிக்காத நம்பரத் தூக்கிப் போடக்கூடாதுன்னு கனியே என்னைய ஒருதடவ ஏசியிருக்கா." கொஞ்சநேரம் யோசித்தாள். "நான் வேணா அந்தப் பதினோரு அளத்துலயும் நடந்து பாக்கட்டா?"

"நீ ஒண்ணும் நடக்க வேண்டாம்."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

பிப்ரவரி 2

குதிகாலுக்கு எண்ணெய் தேய்த்தேன். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 8

பதினைந்து நாளாக வராதவள் இன்று வந்தாள். கையில் அவள் அம்மா கொடுத்துவிட்ட சாளைமீன் குழம்பு. அந்தக் குழம்பைத்தானே நீ சப்புக்கொட்டிச் சாப்பிட்டு வந்து, "நீ வைக்கிறதவிட ருசிம்மா" என்று சிரித்தாய்? அதற்கப்புறம் நான் இரண்டு நாள் மீனே வாங்கவில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய்.

கழுத்தில் நீலத் துப்பட்டா. உன்னுடையது.

"அவ எங்க வீட்டுல விட்டுட்டுப் போனதும்மா. வேணும்னா..." என்று கழற்றப் போனாள். வேண்டாம் என்றேன். கழற்றிக் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

கைடு சார் போனில் பேசினாராம். தண்ணீர்ப் பகுதியை விட்டுவிடலாம், நேரமில்லை என்றாராம். "நன்றின்னு கடைசியில கனி பேரப் போடுதேம்மா" என்று அழுதாள். நான் அழவில்லை. கடைசியில் நன்றி! வீடு வீடாக, அளம் அளமாக அலைந்தவள் நீ. உன் பெயர், சாப்பாட்டுக்கு நன்றி சொல்வதுபோல் கடைசி வரியில்!

அவள் போனபின் இதை எழுதுகிறேன். உன்னிடம் சொல்லாததைச் சொல்கிறேன்.

ஜூலை பதினாலாம் தேதி, உப்பு வாருகிற பலகையிலிருந்து கழன்று கிடந்த ஆணி என் வலது குதிகாலில் ஏறியது. அளத்துத் தண்ணீரில் நிற்கிற காலில் புண் எங்கே ஆறும்? இரண்டு மாதத்துக்குமேல் வாய் மூடவில்லை. ஆறியபின்னும் குதிகாலை ஊன்ற அக்டோபர் தாண்டிவிட்டது. கறுப்பு சாக்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டேன். "இதென்னம்மா புது ஸ்டைலு?" என்று கேட்டாய். வெயிலுக்கு என்றேன்.

அந்தப் பதினோரு அளத்தையும் நொண்டிக்கொண்டுதான் நடந்தேன். தப்படி சின்னதாகிவிட்டது, எண்ணிக்கை கூடிவிட்டது. அது எனக்கு நடக்கும்போதே தெரியும்.

ஏன் சொல்லவில்லை? ஆரம்பத்தில் ஒருநாள் நீ சொன்னாய், "உனக்கு முடியலன்னா சொல்லும்மா, ஜெனோவாவ நடக்கச் சொல்லுதேன்" என்று. உன் படிப்பில் எனக்கென்று இருந்தது அந்த நடை ஒன்றுதான். போனில் சிரிப்பது அவளோடு, சாப்பிடுவது அவள் வீட்டில், இங்கிலீஷில் பேசுவது அவளிடம். நடையையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் என்ன செய்ய?

பொறாமைதான். இப்போது எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 9

அவளை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். வந்ததும் வலது காலை நீட்டிக் காட்டினேன்.

"ஏட்டி, ஜூலை மாசம் இதுல ஆணி ஏறிட்டு."

குனிந்து பார்த்தாள். "என்னைக்கு?"

"பதினாலு."

விரல்விட்டு எண்ணினாள். "அதுக்கப்புறம்தான் அந்தப் பதினோரு அளமும்."

"ஆமா. நொண்டிக்கிட்டே நடந்தேன்."

எழுந்து நின்றுவிட்டாள். "ஏம்மா சொல்லல? அவ சாப்பிடாம அந்த நம்பரையே பாத்துக்கிட்டு இருந்தாளே, பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்!"

"சொன்னா உன்னக் கூப்பிட்டிருப்பா."

"என்னையா?" கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் இருபது தப்படியில எண்ணத்த விட்டுருவேம்மா. அது அவளுக்கு நல்லாத் தெரியும்."

பிறகு சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். "எங்கம்மா நான் என்ன படிக்கிறேன்னுகூட ஒருநாளும் கேட்டதில்ல. இவ எப்பப் பாத்தாலும் எங்கம்மா நடந்தா, எங்கம்மா எண்ணினா. எனக்கு எப்படி எரியும் தெரியுமா?"

கேட்டுக்கொண்டிருந்தேன். நல்லா எரியட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் சோறு போட்டேன்.

பிப்ரவரி 10

வாசலிலிருந்து தெருக்குழாய்வரை ஐந்து தடவை நடந்தேன். இப்போது அறுபத்தாறு. "அப்ப அறுபத்து நாலு, இப்ப அறுபத்தாறுன்னா அதுக்குத் தக்கன கணக்கச் சரி பண்ணிக்கிடலாம்" என்று ஜெனோவா குறித்துக்கொண்டாள். ரெண்டு கூடினது வயசு என்றேன்.

போன தீபாவளிச் சமயத்திலும் ஒருநாள் நீ என்னைக் குழாய்வரை போய்வரச் சொன்னாய். குடம்கூடத் தரவில்லை. "சும்மா போயிட்டு வாயேன்" என்றாய். எதற்கென்று கேட்காமல் போய்வந்தேன். இன்றைக்கு நடக்கும்போது அது ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 17

மூன்று அளம் முடிந்தது. ஜெனோவாவும் தலையில் துண்டு கட்டிக்கொண்டு என்னோடு வருகிறாள். இரண்டு பேர் எண்ணினால் தப்பு வராதாம். முதல் அளத்தில் நூற்று முப்பதில் எண்ணிக்கையை விட்டுவிட்டாள். இரண்டாவதில் பாத்திக்குள் கால் வழுக்கி இடுப்புவரை சேறு.

வரப்பில் நின்ற கங்காணி கத்தினான். "ஏ ஆச்சி, ஒதுங்கப் போறதுக்குமா துணையாளு?"

"பிள்ள ஊருக்குப் புதுசு. நீரு வாரீரா துணைக்கி?" என்றேன். அதற்குப்பிறகு அவன் எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஜெனோவா மறைவு வரும்வரை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதில் எண்ணிக்கையை விட்டாள்.

பிப்ரவரி 23

ஏழு அளம்.

பன்னிரண்டு மணிக்கு அவளுக்குத் தலை சுற்றிவிட்டது. உதடெல்லாம் வெடித்துக் கிடந்தது. பையைப் பார்த்தால் தண்ணீர் பாட்டில் மூடிகூடத் திறக்காமல் இருக்கிறது.

"ஏன் குடிக்கல?"

"குடிச்சா போவணுமே. அவ்வளவு தூரம், அந்த ஆளுக முன்னால..." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். "ஒரு வருஷமா இதத்தான் நம்பரா பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

"குடி. நான் மறைச்சுக்கிட்டு நிக்கேன்."

குடித்தாள். தலையில் கொஞ்சம் ஊற்றிவிட்டேன். அந்த நீலத் துப்பட்டாவால்தான் முகத்தைத் துடைத்துவிட்டேன். உன் வாசனை அதில் இல்லை. அவள் வேர்வைதான் இருந்தது.

பிப்ரவரி 28

பதினொன்றும் முடிந்தது. கால் வலிக்கவில்லை.

மார்ச் 3

புதுத் தூரத்தையெல்லாம் அவள் உள்ளே போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "நீங்களே அமுக்குங்கம்மா" என்று பொத்தானைக் காட்டினாள். அமுக்கினேன். உன்னைப் பார்க்க வந்த டாக்டர் என்ன சொல்வாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேனே, அதேமாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புள்ளி மூன்று மூன்று. அடைப்புக்குறிக்குள் புள்ளி ஒன்று இரண்டு.

"அடுத்த வரியில விடை இருக்கும்மா, படிக்கட்டா?"

"பொறு."

பென்சிலை எடுத்தேன். முப்பத்து மூன்றில் பன்னிரண்டு இரண்டு தடவை போகும். இரண்டு! மீதி ஒன்பது. புள்ளி வைத்து ஏழு. மீதி ஆறு. அப்புறம் ஐந்து. மீதி ஒன்றும் நிற்கவில்லை.

"ரெண்டு புள்ளி ஏழு அஞ்சு" என்றேன்.

"ரெண்டு புள்ளி ஏழு அஞ்சு" என்று அவளும் திரையிலிருந்து படித்தாள்.

ஸ்டார் ஒன்றில்லை, இரண்டு போடலாமாம். முதல் பெயர் செல்வக்கனி. இங்கிலீஷில் அடித்துக் காட்டினாள். உன் பெயர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். உன் சர்ட்டிபிகேட்டில் பார்த்துப் பார்த்து மனப்பாடம். அதற்கு அடுத்ததுதான் அவள் பெயர்.

என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். நீ சாய்கிற தோளில். கொஞ்சநேரம் விட்டேன். அப்புறம் உலை கொதிக்கிறது என்று எழுந்துகொண்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிட முடியுமா?

மார்ச் 5

சாருக்கு அனுப்ப உன் ஃபைல்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"அம்மா, இங்க வாங்க."

"என்ன?"

"இது தனியா ஒரு ஃபைலு. இங்கிலீஷ்ல அம்மான்னு பேரு போட்டிருந்திச்சு. உங்களுக்குள்ள உள்ள சொந்த விஷயம்னு நான் இதுவரைக்கும் தொறக்கல."

உள்ளே இருபத்தாறு அளமும் வரிசையாக இருந்தது, தேதியோடு. ஒவ்வொரு அளத்துக்கும் நேராக ஒரு நம்பர். ஜூலை பதினாலுவரை எல்லாம் பூஜ்யம். அதற்குப் பிறகு எல்லாம் ஒன்று. பதினோரு ஒன்று, நான் நொண்டி நடந்த பதினோரு அளத்துக்கும்.

அதன் கீழே ஒரு வரி. அவள் மெதுவாகப் படித்தாள். "குழாய். பிப்ரவரி, அறுபத்து நாலு. அக்டோபர், எழுபத்தொன்பது."

அன்றைக்கு வெறுங்கையோடு என்னை ஏன் குழாய்வரை அனுப்பினாய் என்று இப்போது தெரிந்துவிட்டது. வாசலில் நின்று எண்ணியிருக்கிறாய்.

"என்னைக்கு எழுதினது?"

"அக்டோபர் இருபத்தெட்டு." பிறகு சின்னக் குரலில், "எங்கிட்ட இதச் சொல்லவே இல்லம்மா. எல்லாத்தையும் சொல்லுவா. இத மட்டும் சொல்லல" என்றாள். முகம் சுருங்கிவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன் மொச்சை, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெங்காயக் கையோடு நின்றுகொண்டு, இவளுக்குத் தெரியாத ஒன்று எனக்கும் என் பிள்ளைக்கும் நடுவில் இருந்திருக்கிறது என்று உச்சி குளிர்ந்துபோனேன். திறக்கிற வார்த்தையை அவளிடம் சொன்னாய். அழுகையை அவளிடம் அழுதாய். என் நொண்டலை மட்டும் யாரிடமும் சொல்லாமல் அம்மா என்று பெயர் போட்டு மூடி வைத்திருக்கிறாய்.

அந்தச் சந்தோஷம் அவள் கிளம்பிப் போகும்வரைதான் நின்றது.

வாசலில் செருப்பை மாட்டும்போது அவள் திரும்பி, "நாளைக்கு வரட்டாம்மா?" என்றாள். அனுப்ப வேண்டியதையெல்லாம் அனுப்பியாயிற்று. இனிமேல் அவளுக்கு இங்கே வேலை இல்லை. "வரும்போது அந்தச் சாளைக் குழம்புக்கு உங்கம்மா என்ன மசாலா அரைக்கான்னு கேட்டுட்டு வா" என்றேன்.

இப்போது வீட்டில் யாரும் இல்லை. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. தெருவில் குடங்களின் சத்தம். நானும் போக வேண்டும்.

அக்டோபர் இருபத்தெட்டு. உனக்குக் காய்ச்சல் கண்டது நவம்பர் மூன்று. நடுவில் ஆறு நாள் இருந்திருக்கிறது. ஆறு நாளும் எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாய், தலை பின்னிவிட்டாய், ஒருநாள் என் சாக்ஸைத் துவைத்துக்கூடப் போட்டாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாயோ, கேட்டால் நான் கூசிப்போவேன் என்று விட்டாயோ, கோபத்தில் பேசாமல் இருந்தாயோ. கம்ப்யூட்டரில் நம்பர்தான் இருக்கிறது.

அன்றைக்கு நான் குழாயைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். நீ நிலைப்படியில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். என் பிள்ளை என்னை இப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று மனசு நிறைந்துபோய், குதிகால் வலித்தும் சிரித்துக்கொண்டே வந்தேன். சொல்லு மொச்சை, அப்போது நீ பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தையா, என் காலையா?